ஒழுங்கை ஒழுங்கையாக: திருக்கடலூரில் பூனைக் கருத்தடை

பூனைக்குட்டிகளை உரப்பையில் போட்டு, மூச்சுவிட வாயைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டி, மீன்சந்தைப் பக்கமோ கோயிலடியிலோ விட்டுவிட்டு வருவதுதான் எங்கள் ஊரில் நெடுங்காலமாக நடக்கும் பூனைக் கட்டுப்பாடு. கொல்வதற்கு யாருக்கும் மனம் வராது. பூனையைக் கொன்றவர் பாவம் தீரத் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்று அம்மம்மாமார் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தங்கம் விற்கிற விலையில் அது ஆகிற காரியமா? ஆகவே சந்தை. அங்கே செவிளும் குடலும் கிடைக்கும், எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

பாவபுண்ணியம் ஒருபுறம் இருக்கட்டும். கணக்கே பிழைக்கிறது. பால் குடிக்கும் குட்டிகளை எடுத்துவிட்டால் தாய்க்குப் பால் வற்றும், இரண்டு மூன்று கிழமைக்குள் அது மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். தைப்பொங்கலன்று குட்டிகளைச் சந்தையில் விட்ட வீட்டில் சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பே அடுத்த ஈற்றும் கண் திறக்கக் காத்திருக்கும். குட்டியை அகற்றுவதால் குட்டி குறையவில்லை, அடுத்த ஈற்றுத்தான் சீக்கிரம் வருகிறது.

எனக்குத் திருகோணமலையில் திருக்கடலூர். முன்விறாந்தையில் தையல் மெஷின் போட்டிருப்பதால் நாள் முழுக்க ஒழுங்கை என் கண்ணுக்கு முன்னால்தான் நடக்கும். எந்தப் பூனை எந்த மதிலால் வரும், எது யார் வீட்டுக் குசினிக்குள் நுழையும், எதற்கு வயிறு இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெருப்பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, திரும்ப விடும் இந்த வேலைக்கு அது பெரிய வசதி. பக்கத்து வீட்டு ஓட்டோ அண்ணாவும் கம்பசில் படிக்கும் என் அக்காவின் மகனும் கூட நின்றார்கள். ஒரு மிருக வைத்தியர், சேர்த்துக் கொண்டுவந்தால் காலையில் நேரம் ஒதுக்கித் தருகிறேன் என்றார். இனிமேல் இதைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று நாங்கள் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் பூனையின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். குளிர்நாடுகளில் பூனைக்குப் பருவகாலம் உண்டு. பகல் நீளத் தொடங்கும்போது சினைப்படத் தொடங்கி, பகல் குறுகும் மாதங்களில் ஓய்ந்திருக்கும். நமக்கோ நிலநடுக்கோடு பக்கத்தில். தையானாலும் ஆடியானாலும் பகல் பெரிதாகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதனால் வருடம் முழுக்க ஈற்றுக்காலம். பெட்டைக்குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். ஐந்து ஆறு மாதத்தில் பெரும்பாலும் வந்துவிடும். வாலைத் துரத்தி விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்து "இது இன்னும் குழந்தைதானே" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதன் வயிற்றில் குட்டி இருக்கும். பால் கொடுக்கிற தாய் சினைப்படாது என்பதும் பிழை. குட்டிகள் இன்னும் முலையில் தொங்கும்போதே அடுத்தது தங்கிவிடுவதுண்டு.

ஒரு சோடிப் பூனை ஏழு வருடத்தில் லட்சக்கணக்கில் பெருகும் என்று படம் போட்ட விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்படிப் பெருகியிருந்தால் திருகோணமலையில் மனிதருக்கு நிற்க இடம் இருந்திராது. தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. அமெரிக்காவில் வட கரோலினாவில் தெருப்பூனைகளைக் கவனித்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கில் மூன்று குட்டி ஆறு மாதத்துக்குள் செத்தோ காணாமலோ போய்விட்டன. இங்கேயும் நாய், ஓட்டோச் சில்லு, கண்ணில் பீளை கட்டும் சளிக்காய்ச்சல், மாரி மழை எல்லாம் அதே வேலையைச் செய்கின்றன. ஒழுங்கையில் பூனைத்தொகை பல வருடமாக அப்படியே இருக்கிறதென்றால் பிறக்கிறவற்றில் அநேகம் சாகின்றன என்றுதான் அர்த்தம். கருத்தடை என்பது அந்தச் சாவுகளைப் பிறப்பதற்கு முன்பே இல்லாமல் செய்வது. லட்சக்கணக்கைவிட எனக்கு இதுதான் போதுமான காரணம்.

பெட்டை முதலில்

காசும் ஆளும் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே எதை முதலில் பிடிப்பது என்ற கேள்வி வரும். ஆண் பூனையை நாங்கள் கடுவன் என்போம். பத்துக் கடுவனில் ஒன்பதுக்குச் செய்துவிட்டு ஒன்றை விட்டால், அந்த ஒன்று மதில் மதிலாக நடந்து எல்லாப் பெட்டையையும் சினையாக்கிவிடும். பெட்டை அப்படியல்ல. ஒரு பெட்டைக்குச் செய்தால் அதன் வழி அன்றோடு முடிந்தது. கடுவனுக்குச் செய்தால் சண்டை குறையும், மூத்திர நாற்றம் குறையும், ஊர் சுற்றுவது குறையும். அதெல்லாம் நல்லதுதான், ஆனால் அது அடுத்த கட்டம். கடுவனுக்கு ஒப்பரேஷன் செய்த பிறகும் சில கிழமைக்கு இனப்பெருக்க வல்லமை மிச்சமிருக்கும். "செய்த பிறகும் ஏறுகிறதே" என்று ஓடிவந்து வைத்தியரை ஏச வேண்டாம்.

தூரத்தில் வைத்துப் பெட்டையா கடுவனா என்று அறிய ஒரு வழி நிறம். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை என்றால் ஏறத்தாழ நிச்சயமாகப் பெட்டை. முழுச் செம்மஞ்சள் என்றால் கூடுதலாகக் கடுவன். கன்னம் உப்பி, தலை பெருத்து, காது கிழிந்து நிற்பது சண்டைக்காரக் கடுவன். அக்காவின் மகன் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் பதிந்தான், போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்தான். ஒரு பக்கப் படம் போதாது. இடப்பக்கம் பார்த்தால் ஒரு பூனை, வலப்பக்கம் பார்த்தால் வேறு பூனை. கறுப்புப் பூனைகள்தான் பெரிய தலையிடி.

அடுத்தது, எங்கே செய்வது. பூனைத்தொகையைக் கணிதமாகப் போட்டுப் பார்த்த ஆய்வுகள், ஒரு இடத்துப் பூனைகளில் நூற்றுக்கு 70க்கு மேல் கருத்தடை செய்யாமல் தொகை இறங்காது என்கின்றன. உப்புவெளியில் இரண்டு, மட்டிக்களியில் மூன்று, நிலாவெளி ஹோட்டலடியில் ஒன்று என்று பிடித்துக்கொண்டு திரிந்தால் அந்தந்தப் பூனைக்கு நன்மை. ஊருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மிஞ்சிய பெட்டைகளின் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பிவிடும். அதனால்தான் நாங்கள் ஒரே ஒழுங்கை என்று பிடிவாதமாக நின்றோம். கடற்கரையில் வலை வைக்கும் கொட்டிலான வாடியில் இருக்கும், படகு முதலாளியான சம்மாட்டி ஐயாவுக்கு இதை விளக்கப் போனபோது அவர் என்னை முடிக்க விடவில்லை. "பாதி பொத்தின வலையைக் கொண்டு கடலுக்குப் போறதா பிள்ளை?" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது.

சாப்பாடு போடுகிறவர்கள்தான் திறப்பு

பூனை பிடிப்பது என்றால் கூடு, கையுறை, துணிச்சல் என்று நினைப்போம். உண்மையில் முக்கால்வாசி வேலை மனிதரோடுதான். ஒழுங்கையில் யார் யார் எத்தனை மணிக்குப் பூனைக்குச் சோறு வைக்கிறார்கள் என்று தெரியாமல் கூடு வைத்தால், பூனை வயிறு நிறைந்து கூட்டுக்குப் பக்கத்தில் படுத்து உடம்பை நக்கிக்கொண்டிருக்கும்.

எங்களிடம் ஓர் ஆச்சி இருக்கிறார். காலையில் சூடை மீன் தலைகளை அவித்துச் சோற்றோடு பிசைந்து கிணற்றடியில் வைப்பார். ஒழுங்கையில் பாதிப் பூனை அவருடையது. கருத்தடை என்றதும் முகம் கறுத்துவிட்டது. "அதுகும் ஒரு பெண்சென்மம். பெத்து வளர்க்கிற பாக்கியத்தைப் பறிக்கிறதோ?" என்றார். நான் விவாதத்துக்குப் போகவில்லை. மாரிக்கு அவருடைய விறகு மாலில் பிறந்த குட்டிகள் எங்கே என்று மட்டும் கேட்டேன். அவர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். ஒன்று நாய், ஒன்று வெள்ளத்தோடு, ஒன்று கண் மூடிப்போய்… மூன்றாவது விரலோடு நிறுத்திவிட்டு, "சரி, எப்ப சோறு நிப்பாட்ட வேணும் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு ஆச்சிதான் எங்கள் தலைமையகம். பூனைகள் அவருடைய கிண்ணத்துச் சத்தத்துக்கு வரும். நாங்கள் கூப்பிட்டால் ஓடும்.

வாடிக்காரர்களுடைய பயம் வேறு. வாடியில் வலை குவித்திருக்கும், மீன் மணத்துக்கு எலி வந்து வலையைக் கத்தரித்துவிடும். ஒரு இரவில் எலி செய்யும் சேதத்தைப் பொத்த நாள் கணக்கில் குந்தியிருக்க வேண்டும். பூனை இல்லாவிட்டால் வாடி இல்லை என்பது அவர்களுக்கு அனுபவம். ஒப்பரேஷன் செய்த பூனை சோம்பிப் படுத்துவிடும், எலி பிடிக்காது என்றார்கள். வேட்டையாடுவதற்கும் கருப்பைக்கும் தொடர்பில்லை. கருத்தடை செய்த பூனை அதே தீனியில் கொஞ்சம் கொழுக்கும், ஆகவே அளவோடு போட வேண்டும். எலியைக் கண்டால் பாய்வது பாய்வதுதான். குட்டி போட்டுப் போட்டு எலும்பும் தோலுமாய் நிற்கிற தாய்ப்பூனையைவிட அது நன்றாகவே எலி பிடிக்கும். வாடிப் பூனைகளைப் பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார்கள். எங்கள் திட்டமும் அதுதான். இடம் மாற்றி விட்ட பூனை பெரும்பாலும் அங்கே தங்காது, பழைய இடம் தேடி அலையும். இங்கேயோ சாப்பாடு கிடைக்கும் இடம் வெற்றிடமானால் புதுப் பூனை வந்து குடியேறும்.

கிண்ணியாவிலிருந்து மீன் எடுக்க வரும் நாநா ஒருவர் வீட்டிலும் பூனைகள். அவருக்கு விருப்பம், ஆனால் மார்க்கத்தில் கூடுமா என்ற சந்தேகம். "மௌலவியிட்ட ஒருக்கா கேட்டுட்டு வாறன் தங்கச்சி" என்று போனார். அடுத்த முறை வந்தபோது பெட்டியில் மீனுக்குப் பதிலாகப் பூனை இருந்தது. இந்த மாதிரி விஷயத்தில் நாங்கள் போய் உபதேசம் செய்யாமல், அவரவர் மதிக்கிற ஆளிடம் அவரவரே கேட்டுவர விடுவதுதான் நல்லது.

ஊசி போட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. கருத்தடை ஹோர்மோன் ஊசி மலிவு, கத்தி இல்லை. ஆனால் பூனைக்குக் கருப்பையில் சீழ் பிடிப்பதற்கும் முலையில் கட்டி வருவதற்கும் அது வழி செய்யும். தெருப்பூனைக்கு முறை தவறாமல் யார் ஊசி போடப் போகிறார்கள்? நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

கூடு

வெல்டிங் கடையில் சொல்லி அடித்தோம். பெரிய எலிக்கூடு என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும். நீளம் மூன்று அடிக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கதவு வாலில் விழும், அல்லது முதுகில் பட்டுப் பூனை பின்னால் பாய்ந்துவிடும். கம்பி வலைக் கண் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய கண்ணுக்குள் பூனை மூக்கைக் கொடுத்து உராய்ந்து இரத்தம் வரும். அடியில் பழைய பேப்பர் போட்டால் கம்பி பாதத்தில் குத்தாது. ஆச்சியின் பழைய கேற்றின் துணியில் ஒவ்வொரு கூட்டுக்கும் நான் உறை தைத்தேன். பூனை மாட்டியதும் உறையைப் போட்டுவிட வேண்டும். வெளிச்சம் மறைந்ததும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். உறை இல்லாவிட்டால் கூட்டோடு குத்துக்கரணம் அடிக்கும்.

இரைக்கு மணம் முக்கியம். பொரித்த சூடை அல்லது கருவாட்டுத் துண்டு. ரின்மீன் எண்ணெயைக் கூட்டு வாசலிலிருந்து உள்ளே வரை சொட்டுச் சொட்டாக விடலாம். பகலில் வைத்தால் காகம் உள்ளே போய் மாட்டிக்கொண்டு ஊரையே கூட்டும். விடியற்காலையில் கீரிப்பிள்ளை வரும், பூனையைவிட அது மோசமாகக் கடிக்கும். அதனால் எங்களுக்கு ஏற்ற நேரம் மாலை மங்கி விளக்கு வைத்த பிறகு. வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கக்கூடாது, பார்க்கிற தூரத்தில் ஆள் இருக்க வேண்டும்.

சில பூனைகள் இதற்கெல்லாம் மசியாது. புள்ளிச்சி என்று நாங்கள் பெயர் வைத்த மூன்று நிறப் பெட்டை அப்படி. கூட்டுக்குள் முன்னங்கால் இரண்டும், கழுத்தும், முதுகில் பாதியும் வரும். பின்னங்கால் மட்டும் வாசல் கம்பிக்கு வெளியே நிலத்தில் ஊன்றியபடி இருக்கும். உடம்பை ரப்பர் போல இழுத்து மிதிபலகையைத் தொடாமல் மீனை நகத்தால் கொளுவி எடுத்துக்கொண்டு பின்வாங்கும். எடுத்த மீனைக் கூட்டுக்கு முன்னாலேயே இருந்து தின்னும். கடைசியில் கதவைக் கயிற்றால் திறந்தபடி கட்டிவிட்டு, அதன் சாப்பாட்டைக் கூட்டுக்குள்ளேயே வைத்துப் பழக்கினோம். ஒவ்வொரு நாளும் கிண்ணம் ஒரு சாண் உள்ளே போகும். கிண்ணம் மறுமுனைக்குப் போய், அது வாலையும் உள்ளே எடுத்துக்கொண்டு நின்று நிதானமாகத் தின்னத் தொடங்கிய பிறகு ஒரு மாலை கயிற்றை அவிழ்த்தோம். பொறுமை கெட்டுப்போய் வெறுங்கையால் பாய்ந்து பிடிக்கப் போகாதீர்கள். நாலு பல்லும் கையில் இறங்கும்.

அப்படிக் கடி பட்டால், அல்லது நகம் கீறினாலும், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர் நோய் (ரேபிஸ்) இலங்கையில் நாயால்தான் கூடுதலாகப் பரவுகிறது, ஆனால் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருப்பது உயிரோடு விளையாடுவது. அதே காரணத்துக்காக, ஒப்பரேஷன் மேசையில் மயங்கிக் கிடக்கும்போதே பூனைக்கு விசர்த் தடுப்பூசியையும் போட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தெருப்பூனை இன்னொரு தடவை கையில் கிடைக்காது.

தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசு 2006இல் எடுத்த கொள்கைக்குப் பிறகு நாய்களுக்குத் தடுப்பூசி, கருத்தடை என்று முகாம்கள் நடப்பதுண்டு. பூனை அந்தக் கணக்கில் எப்போதும் வால்பக்கம்தான். முகாம் வருகிறதா, வந்தால் பூனையும் எடுப்பார்களா என்று உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முகாம் அன்று காலையில் போய்ப் பூனையைத் தேட முடியாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வைகாசியிலிருந்து ஆவணி வரை திருகோணமலை வெயில் எப்படி என்று நமக்குத் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே, உறை போட்ட கூட்டில் பூனையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் திரும்பி வரும்போது அது வாய் திறந்து இளைக்கும். பூனை நாய் போல் இளைப்பதில்லை, இளைத்தால் ஆபத்து. மாலையில் பிடித்து, இரவு காற்றோட்டமான விறாந்தையில் வைத்து, வெயில் ஏறுமுன் கொண்டுபோய்விட வேண்டும். ஓட்டோ அண்ணா முதலில் சீட்டில் மூத்திர நாற்றம் போகாது என்று முரண்டு பிடித்தார். சீட்டுக்கு ரெக்சீன் விரிப்புத் தைத்துக் கொடுத்தேன், பிரச்சினை முடிந்தது.

ஒப்பரேஷனுக்கு முதல் இரவு சாப்பாடு கூடாது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் சுவாசக்குழாய்க்குள் போகும். தண்ணீர் கொடுக்கலாம். நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இரவு முழுக்கப் பட்டினி போடக்கூடாது, சீனி குறைந்து சரிந்துவிடும். எத்தனை மணி நேரம் என்று வைத்தியரைக் கேட்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாய், சினைப்பட்ட தாய்

கூட்டுக்குள் போனதும் ரோர்ச் அடித்து வயிற்றைப் பாருங்கள். முலைக்காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்து சிவந்திருந்தால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. பால் கொடுக்கும் தாய்க்கும் ஒப்பரேஷன் செய்யலாம், அதனால் பால் வற்றாது. இடுப்புப் பக்கமாகக் கீறித் திறக்கும் முறை இதற்கு வசதி. பால்மடியில் கத்தி படாது, பிறகு தூரத்தில் நின்றே காயத்தைப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தாயை மயக்கம் தெளிந்த அன்றே விட்டாக வேண்டும். குட்டிகள் பிறந்து சில நாள்தான் என்று தெரிந்தால் நாங்கள் கூட்டைத் திறந்து விட்டுவிடுவோம். ஆறு, எட்டுக் கிழமையில் குட்டிகள் சோறு தின்னத் தொடங்கும்போது தாயையும் குட்டிகளையும் சேர்த்தே பிடிக்கலாம். அதற்குள் தாய் மறுபடி சினைப்பட்டிருக்கும் வாய்ப்பும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

சினைப்பட்ட பூனை விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே ஒத்த கருத்து இல்லை. வைத்தியரால் செய்ய முடியும், கருவும் சேர்ந்து போகும். அம்மா அது கூடவே கூடாது என்கிறார். என் நிலை இது: வயிறு தெரியாத ஆரம்ப காலம் என்றால் செய்துவிடலாம். குட்டி அசைவது கண்ணுக்கே தெரிகிற நிலை என்றால் நான் கொண்டுபோவதில்லை. விறகு மாலில் பெட்டி வைத்து, குட்டி போட விட்டு, குட்டிகளுக்கு வீடு பார்த்துத் தாய்க்குச் செய்வோம். இது கணக்குக்குச் சரிவராது என்று அக்காவின் மகன் சொல்கிறான். அவன் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. ஆனால் கூட்டைத் தூக்கிக்கொண்டு போவது நான்.

குட்டிகளுக்கு வீடு தேடுவதென்றால் இரண்டாவது கிழமைக்கும் ஏழாவது கிழமைக்கும் இடையில் மனிதர் கை பட வேண்டும். அந்த வயதில் தூக்கிப் பழகினால் மடியில் ஏறும். மூன்று மாதம் கடந்த தெருக்குட்டியை வீட்டுப் பூனையாக்கப் பார்ப்பது இரு பக்கத்துக்கும் துன்பம். அதற்குக் கருத்தடை செய்து பிடித்த இடத்தில் விடுவதே நல்லது. உடம்பு ஒரு கிலோ எடை வந்துவிட்டால் சிறு குட்டிக்கும் செய்யும் வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வந்த பிறகு

மயக்கம் தெளியும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். திருகோணமலை வெக்கையில் பூனை குளிரால் நடுங்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மயக்க மருந்தில் உடம்புச் சூடு இறங்கிவிடும். ஃபானை நிறுத்திவிட்டு, கூட்டுக்கு அடியில் தடித்த துணி போட வேண்டும். தள்ளாடி எழும்பும், தலையைக் கம்பியில் முட்டும், விசித்திரமாகக் கத்தும். கதவைத் திறந்து தடவப் போக வேண்டாம். நேராக நின்று நம்மைப் பார்த்துச் சீறினால் தெளிந்துவிட்டது. பிறகு கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் மீன். கடுவனை அடுத்த நாள் காலையில் விடலாம். பெட்டையை ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வைத்திருப்போம். கரையும் நூலால் தைக்கச் சொல்ல வேண்டும். தையல் பிரிக்க இன்னொரு தடவை யார் பிடிப்பது?

நோகும் என்று இரங்கிப் பனடோல் கரைத்துக் கொடுக்கிறவர்கள் நம்மில் அதிகம். பூனைக்குப் பனடோல் நஞ்சு. அதன் ஈரல் அந்த மருந்தை உடைக்க மாட்டாது, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் முரசு கபில நிறமாகி மூச்சுத் திணறும். ஒரு குளிசை போதும் ஒரு பூனையைக் கொல்ல. டெற்றோல் தண்ணீரால் காயத்தைத் துடைப்பதும் அப்படித்தான், நக்கினால் உள்ளே போகும். நோவுக்கு ஊசியை வைத்தியரே போட்டுவிடுவார். காயத்தில் இலேசான வீக்கம் பயமில்லை. வாய் பிளந்தாலோ, சொட்டினாலோ, பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

ஏச்சு வாங்கியது காதுக்காகத்தான். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியை ஒரு சென்ரிமீற்றர் அளவு நேராக வெட்டிவிடுவார்கள். உலகில் பல நாடுகளில் இதுதான் கருத்தடை செய்த தெருப்பூனைக்கு அடையாளம். சண்டையில் கிழிந்த காது கோணலாக இருக்கும், இது கத்தரித்தது போல நேராக இருக்கும். "அழகான பூனையை மூளியாக்கிப்போட்டீங்கள்" என்று ஒரு மாமி ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார். அடையாளம் இல்லாவிட்டால் அதே பூனையை இன்னொருவர் பிடித்துக் கொண்டுபோய், இல்லாத கருப்பையைத் தேடி வயிற்றைத் திறப்பார்கள் என்று சொன்னேன். மாமி அடங்கினார் என்று சொல்ல முடியாது, ஆனால் கத்துவதை நிறுத்தினார்.

காசு விஷயம் சுருக்கமாக. பொதுவாக உண்டியல் நீட்டினால் சில்லறைதான் விழும். "உங்கள் வாசலில் படுக்கிற கறுப்பிக்கு நாளை ஒப்பரேஷன்" என்று போய் நின்றால் கையில் தாளாகத் தருவார்கள்.

ஒழுங்கையில் என்ன மாறியது? பூனைத்தொகை உடனே குறையவில்லை, அதை எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றம்தான். முதலில் மாறியது இரவு. ஓட்டுக்கு மேல் கடுவன்கள் குழந்தை அழுவது போல் ஊளையிடுவது நின்றது. பிறகு மாரி வந்தும் விறகு மால்களில் குட்டிச் சத்தம் இல்லை. ஆச்சியின் பூனைகளுக்குத் தோள் சதை வைத்து மயிர் மினுங்குகிறது. அடுத்த ஒழுங்கையிலிருந்து காது வெட்டாத பெட்டைகள் மதில் தாண்டி வரத் தொடங்கின. அவற்றைப் பார்த்துத்தான் வேலையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று முடிவு செய்தோம்.

இப்போது கூடுகள் அந்த ஒழுங்கையில் இருக்கின்றன. மட்டிக்களியிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். கொடுப்போம், ஆனால் இரண்டு நிபந்தனை. கூட்டைக் கழுவித் திருப்பித்தர வேண்டும், வெறும் சவர்க்காரம் போதாது. குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் வாந்திபேதிக் கிருமி அதற்குச் சாகாது. துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு, பத்து நிமிடம் ஊற விட்டு, நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டுத் தர வேண்டும். மற்றது, கூடு கேட்டு வரும்போது ஒரு கொப்பித்தாளோடு வர வேண்டும்: உங்கள் ஒழுங்கையில் எத்தனை பெட்டை, யார் யார் எத்தனை மணிக்குச் சோறு வைக்கிறார்கள். அது எழுதியிருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போகலாம்.